எடை மெஷினைப் பரணில் போட்டுவிட்டு நாற்காலியை எடுத்துப் போடுங்கள்

கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தம்பிக்கு 19 வயது, டவுன் சிண்ட்ரோம், உயரம் 150 சென்டிமீட்டர், எடை 76 கிலோ. டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார், எப்படி என்று சொல்லவில்லை. அப்பா தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடக்கக் கூட்டிப்போகிறார், பத்தாவது நிமிடத்தில் தம்பி ரோட்டோரம் உட்கார்ந்துவிடுகிறான். அப்பாவுக்குக் கோபம், அம்மாவுக்கு அழுகை. பக்கத்து ஜிம்மில் "எங்களால பொறுப்பு எடுக்க முடியாது" என்று கைவிரித்துவிட்டார்கள். எடை குறைய எந்த எக்ஸர்சைஸ் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் "இவனால இதெல்லாம் முடியுமா, இல்ல நாங்கதான் அவனைப் போட்டுப் படுத்துறோமா" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே, நிஜமான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். பதினெட்டு வருடமாக இந்த வேலை, அதில் பாதிக்கு மேல் டவுன் சிண்ட்ரோம், பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளோடும் பெரியவர்களோடும். மருந்து மாத்திரை என் எல்லைக்குள் இல்லை, சாப்பாட்டு அட்டவணை போடுவதும் என் படிப்பில் இல்லை. உடம்பு எப்படி அசைகிறது, ஏன் அசைய மறுக்கிறது என்பது மட்டும் தெரியும். அந்த அளவில் பதில்: முடியும். ஆனால் நீங்கள் ஆரம்பித்த இடம் சரியில்லை. கால் வலு இல்லாத பையனை ஒரு மணி நேரம் நடக்க வைப்பது, நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளுவது மாதிரிதான். சிலர் கற்றுக்கொள்வார்கள், பெரும்பாலோர் ஜென்மத்துக்கும் தண்ணீர்ப் பக்கம் வரமாட்டார்கள். முதலில் வலு, அப்புறம் நடை, எடை எல்லாவற்றுக்கும் கடைசியில்.

தம்பி ஏன் உட்கார்ந்துவிடுகிறான் என்பதிலிருந்து தொடங்கலாம், அது அடம் என்றுதான் எல்லா வீட்டிலும் நினைக்கிறார்கள். நானும் நினைத்திருக்கிறேன். வேலைக்கு வந்த மூன்றாவது வருடமோ என்னவோ, பதினாறு வயதுப் பையன் ஒருவனை டிரெட்மில்லில் ஏற்றி, படித்த பாடத்தின்படி 220-லிருந்து வயதைக் கழித்து, அதில் எழுபது சதவீதம் நாடித்துடிப்பு வரவேண்டும் என்று வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். அவன் துடிப்பு நான் எதிர்பார்த்த இடத்துக்கு வரவே இல்லை, ஆனால் முகம் கன்றிப்போய், கைப்பிடியில் சாய்ந்து தொங்க ஆரம்பித்துவிட்டான். அவன் அம்மாவிடம் "பையன் ஒத்துழைக்க மாட்டேங்கிறான்" என்று சொன்னேன். இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு, எவ்வளவு முயன்றாலும், இதயத்துடிப்பு மற்றவர்கள் அளவுக்கு உயராது. உச்சத்துடிப்பு அதே வயதுக்காரர்களைவிடச் சராசரியாக 25, 30 குறைவாக இருக்கும், உழைப்புக்கு ஏற்ப இதயத்தை முடுக்கிவிடும் தானியங்கி நரம்புகள் இவர்களுக்கு மந்தமாக வேலை செய்வதுதான் முக்கியக் காரணம். இது சந்தேகமே இல்லாமல் பலமுறை அளந்து பார்க்கப்பட்டது. கணக்குப்படி உங்கள் தம்பிக்கு 200 என்று வரும், உண்மையில் 170 பக்கம்தான் இருக்கும். ஆக, அப்பாவுக்குச் சாதாரண நடையாக இருக்கும் வேகம் தம்பிக்கு மூச்சிரைக்கும் வேகம். நாடி பிடித்துப் பார்க்கிற கடிகாரம், செயலி எல்லாம் வயதை வைத்துச் சொல்லும் இலக்கு இவர்களுக்குப் பொருந்தாது. நான் பார்ப்பது மூச்சும் முகமும்தான். பேச்சு தெளிவில்லாத பிள்ளைகளிடம் "பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா" என்று சோதிப்பதும் சரிவராது, பிடித்த பாட்டின் ஒரு வரியைப் பாடச் சொல்லிப் பாருங்கள், வரி நடுவில் அறுந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டியதுதான்.

இன்னொன்று பாதம். குளித்துவிட்டு வரும்போது சிமெண்ட் தரையில் தம்பியின் ஈரக்கால் தடத்தைப் பாருங்கள். நமக்கெல்லாம் உள்பக்கம் வளைந்து, நடுவில் கொஞ்சம் தரை காய்ந்திருக்கும். அவனுக்கு இட்லித்தட்டு கவிழ்த்த மாதிரி முழுசாக விழும், அனேகமாக. பிறவியிலேயே தசைகளில் இறுக்கம் குறைவு, மூட்டுகளைக் கட்டும் தசைநார்கள் தளர்வு, அதனால் பாதம் தட்டையாகி, கணுக்கால் உள்பக்கம் சரிந்து, முட்டி ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். கால்களை அகட்டி வைத்து நடப்பது அதனால்தான், விழாமல் இருக்க உடம்பு கண்டுபிடித்த வழி அது. ஆனால் அப்படி நடக்க அதிகச் சக்தி செலவாகும், அதன்மேல் 76 கிலோ. செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கிறான் என்றால் இன்றைக்கே நிறுத்துங்கள். குதிகாலைச் சுற்றி விறைப்பாகப் பிடிக்கும் ஷூ, லேஸ் கட்டத் தெரியாவிட்டால் ஒட்டுப்பட்டி வைத்தது, தேவைப்பட்டால் உள்ளே வளைவைத் தாங்கும் அட்டை. இதை மட்டும் மாற்றி, நடை தூரம் கூடியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இவர்களுக்கு வலி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், வலியைச் சொல்லத் தாமதமாகும், சொல்லும் விதமும் வேறு. நடுரோட்டில் உட்கார்வதுகூட "முட்டி வலிக்குது" என்பதற்கு அவனுக்குத் தெரிந்த வாக்கியமாக இருக்கலாம்.

பயிற்சிக்குள் போகும்முன் நாலு விஷயம் பார்த்தாக வேண்டும், இதில் சமரசம் கிடையாது. முதலில் இதயம். டவுன் சிண்ட்ரோமோடு பிறக்கும் குழந்தைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குப் பிறவி இதயக் குறை இருக்கும். சின்ன வயதில் ஆபரேஷன் ஆகியிருந்தாலும், ஒன்றும் இல்லை என்று அப்போது சொல்லியிருந்தாலும், வளர்ந்தபின் வால்வில் பிரச்சினை வருவது உண்டு, அதனால் சமீபத்தில் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்காவிட்டால் ஒன்று எடுத்துவிடுங்கள். அடுத்தது தைராய்டு. வருடம் ஒருமுறை டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும், பெரியவர்களான பிறகும் அதை விட்டுவிடக் கூடாது. தைராய்டு குறைந்து போனதே தெரியாமல் "தடியா, சோம்பேறி" என்று திட்டு வாங்கிக்கொண்டிருந்த பையன்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது தூக்கம். குறட்டை விடுகிறானா, உட்கார்ந்துகொண்டோ காலுக்கு நடுவில் தலையைக் குனிந்துகொண்டோ தூங்குகிறானா, பகலில் டிவி முன்னால் கண் சொக்குகிறானா? தூக்கத்தில் மூச்சு அடைபடுவது டவுன் சிண்ட்ரோமில் பாதிப் பேருக்கு மேல் இருக்கிறது, எடை கூடினால் அது இன்னும் மோசமாகும், ராத்திரி முழுக்க மூச்சுக்குப் போராடியவனைக் காலை ஆறு மணிக்கு எழுப்பி நடக்கச் சொன்னால் அவன் வேறென்ன செய்வான்?

நாலாவது கழுத்து. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பயமும் அலட்சியமும் இரண்டுமே தப்பான அளவில் இருக்கின்றன. தலையைத் தாங்கும் முதல் இரண்டு கழுத்தெலும்புகளுக்கு நடுவில் உள்ள நார் தளர்வாக இருந்தால், எலும்பு நகர்ந்து தண்டுவடத்தை அழுத்தலாம். எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தால் பத்துப் பேரில் ஒருவர் இருவருக்கு இந்தத் தளர்வு தெரியும், ஆனால் அதனால் தொந்தரவு வருவது நூற்றில் ஒருவர் இருவருக்குத்தான். அறிகுறி எதுவும் இல்லாத பிள்ளைகளுக்கு எக்ஸ்-ரே வழக்கமாக எடுக்க வேண்டியதில்லை என்பதுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் நிலைப்பாடு, இன்றைக்கு நன்றாக இருக்கும் எக்ஸ்-ரே நாளைக்கு உத்தரவாதம் இல்லை என்பதும் ஒரு காரணம். அதனால் நீங்கள் பார்க்க வேண்டியது அறிகுறிகளை: கழுத்து வலி, தலையை ஒருபக்கமாகச் சாய்த்தே வைத்திருப்பது, நன்றாக நடந்தவன் தள்ளாடுவது, சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று போட வராமல் போவது, சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறுவது. இதில் ஒன்று தெரிந்தாலும் பயிற்சி, விளையாட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டர். எதுவும் இல்லையென்றாலும் தலைகீழாக நிற்பது, குட்டிக்கரணம், டிராம்போலின், தண்ணீரில் தலைகுப்புறப் பாய்வது, கபடி மாதிரி ஆளோடு ஆள் மோதும் ஆட்டம் இதெல்லாம் வேண்டாம். யோகா வகுப்பில் சேர்த்தால் சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் மூன்றையும் பெயர் சொல்லியே தடுத்துவிடுங்கள். அப்புறம், யாரும் எழுதாத ஒன்று: சலூனில் முடிவெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் 'டக் டக்' என்று சொடுக்கு எடுப்பார்களே, அது உங்கள் தம்பிக்குக் கூடவே கூடாது. கடைக்காரரிடம் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள், அவர் அன்பாகத்தான் செய்கிறார், அவருக்குத் தெரியாது.

யோகா பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பிள்ளைகள் சம்மணம் போட்டுக் குனிந்து நெற்றியைத் தரையில் வைத்துவிடுவார்கள், காலைத் தூக்கிக் காதருகில் கொண்டுபோவார்கள், வகுப்பில் எல்லாரும் கைதட்டுவார்கள், ஆசிரியர் இன்னும் கொஞ்சம் இழுத்துவிடுவார். அது திறமை என்று நினைத்து இழுக்காதீர்கள். ஏற்கெனவே தொளதொளவென்று இருக்கும் மூட்டை மேலும் இழுத்தால் இடுப்பு மூட்டும் முட்டிச் சில்லும் இடம் விட்டு நழுவும். இவர்களுக்கு வேண்டியது இழுவை இல்லை, பிடிமானம்.

சரி, எடை. உங்களுக்குப் பிடிக்காத பதில்தான் வரப்போகிறது. இந்தியர்களுக்கான அளவில் பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைச் சொல்லும் கணக்கு) 25 தாண்டினாலே உடல்பருமன், தம்பிக்கு 34 பக்கம் வருகிறது, எனவே டாக்டர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் உடற்பயிற்சியால் மட்டும் இவர்களுக்கு எடை நன்றாகக் குறைந்தது என்று காட்டும் நல்ல ஆய்வு கையில் இல்லை. ஆய்வுகளைத் திரட்டிச் சலித்துப் பார்க்கும் கோக்ரேன் அமைப்பு 2010-ல், டவுன் சிண்ட்ரோம் உள்ள பெரியவர்களுக்கான ஏரோபிக் (நடை, சைக்கிள் மாதிரி மூச்சு வாங்க வைக்கும்) பயிற்சி பற்றித் தேடியபோது தேறியவை வெறும் மூன்று ஆய்வுகள். டிரெட்மில்லில் தாக்குப்பிடிக்கும் திறன் கூடியது, எடை விஷயத்தில் ஒன்றும் நிலைநாட்ட முடியவில்லை. அதற்கு நேர்மாறாக, பயிற்சியால் தசை வலு கூடும் என்பதைத் தைரியமாகச் சொல்லலாம், சமநிலைக்கும் உதவும். "இவங்க உடம்பு வாகு அப்படி, எரிக்கவே எரிக்காது" என்று பலர் சொல்வார்கள். குழந்தைகளிடம் அளந்த ஆய்வில் ஓய்வு நிலையில் எரிக்கும் சக்தி குறைவாக இருந்தது உண்மை, பெரியவர்களிடம் அளந்தபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே அது பாதி வெந்த சோறு, அதை வைத்து யாரும் கைகழுவ வேண்டாம்.

நடைக்கணக்கைப் பாருங்கள். 76 கிலோ உள்ளவர் அரை மணி நேரம் மெதுவாக நடந்தால் 100, 120 கலோரி போகும். வீட்டுக்கு வந்ததும் ஒரு மெதுவடை, சர்க்கரை போட்ட டீ. கணக்கு அதோடு தீர்ந்து, நம் பக்கம் கடனும் நிற்கும். அதனால்தான் எடை மெஷினைக் கொஞ்ச நாளைக்குப் பரணில் போடச் சொல்கிறேன். வாரம் ஒருமுறை ஏற்றி இறக்கி, முள் அசையவில்லை என்று அப்பா முகம் சுருங்கினால், அதைப் பார்த்துத் தம்பி முகமும் சுருங்கும். இந்தப் பிள்ளைகள் முகம் படிப்பதில் கெட்டிக்காரர்கள்.

இப்போது நாற்காலி. என்னிடம் வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன், அவளுக்கு 23 வயது, உங்கள் தம்பியைவிடக் குட்டை, எடை கிட்டத்தட்ட அவன் அளவு. முதல் நாள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்திருக்கச் சொன்னேன். முடியவில்லை. பாதி எழுந்து, தொப்பென்று விழுந்து, சிரித்துவிட்டு, என் கையைப் பிடிக்க நீட்டினாள். ஒரு ஜமுக்காளத்தை நாலாக மடித்து நாற்காலிமேல் போட்டேன், உயரம் கூடியது, எழுந்துவிட்டாள். அரை நிமிடத்தில் ஐந்து முறை. அவ்வளவுதான் முதல் நாள் பயிற்சி. வீட்டிலும் அதே நாற்காலி, அதே மடிப்பு, வாரம் மூன்று நாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மடிப்பைப் பிரித்தோம். இரண்டாவது மடிப்பு பிரித்த அன்று ஒரே கலாட்டா, ஜமுக்காளத்தைத் திரும்ப மடித்து வைக்கச் சொல்லி அழுதாள், வைத்தோம், அடுத்த வாரம் மறுபடி பிரித்தோம். மூன்று மாதம் கழித்து வெறும் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் அரை நிமிடத்தில் பதினொன்று. எடை ஒன்றரைக் கிலோதான் குறைந்திருந்தது. ஆனால் குலதெய்வக் கோயிலில் பந்தியில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் எழுந்து போய்க் கை கழுவினாள் என்று அவள் அம்மா போனில் சொன்னார். எழுந்து நடமாட ஆரம்பித்தவள் அதற்கப்புறம் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, எடை நிதானமாக இறங்கியது அதன் பிறகுதான்.

தம்பிக்கும் இப்படித்தான் தொடங்குவேன். நாற்காலியிலிருந்து எழுவது. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. மாடிப்படியின் முதல் படியில் கைப்பிடியைப் பிடித்து ஏறி இறங்குவது. ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டித் தன் பக்கம் இழுப்பது. இரண்டு துணிப்பையில் பைக்கு இரண்டு கிலோ அரிசி போட்டு இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. ஒவ்வொன்றும் எட்டிலிருந்து பன்னிரண்டு முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. கடைசி இரண்டு முறை கஷ்டப்பட வேண்டும், கஷ்டமே இல்லையென்றால் அது விளையாட்டு. வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். மூச்சை அடக்கக் கூடாது, சத்தமாக எண்ணினால் அடக்க முடியாது, அதனால் எண்ணச் சொல்லுங்கள், பத்துக்கு அப்புறம் எண் தடுமாறினாலும் பரவாயில்லை. முட்டிச் சில்லு வெளியே நழுவுகிற மாதிரி தெரிந்தால் ஆழமாக உட்கார்ந்து எழுவதை நிறுத்திவிட்டு ஒரு பிசியோவிடம் நேரில் காட்டுங்கள், எழுத்தில் அதற்குமேல் சொல்வது ஆபத்து.

சொல்லிக்கொடுக்கும் விதம்தான் பாதிப் பயிற்சி. காதில் கேட்டதை மனதில் பிடித்து வைப்பது இவர்களுக்குச் சிரமம், கண்ணில் பார்த்தது நன்றாகப் பதியும். "முதல்ல காலை மடக்கு, அப்புறம் முன்னாடி சாஞ்சு, கையைக் கட்டிக்கிட்டு எழுந்திரு" என்று ஒரே மூச்சில் சொன்னால் முதல் வார்த்தையும் போய்விடும். நீங்கள் செய்யுங்கள், அவன் பார்க்கட்டும், ஒரே ஒரு சொல்: "எழு". ஐந்து பயிற்சியையும் அவனையே போட்டோ எடுத்து அச்சிட்டுச் சுவரில் வரிசையாக ஒட்டுங்கள், வரிசையை மாற்றாதீர்கள். எப்போது முடியும் என்பது அவன் கண்ணுக்குத் தெரிய வேண்டும், இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல கருவி புளியங்கொட்டை. ஒரு கிண்ணத்தில் பத்துக் கொட்டை, ஒருமுறை எழுந்தால் ஒன்றை எடுத்து அடுத்த கிண்ணத்தில் போட வேண்டும், கிண்ணம் காலியானால் முடிந்தது. "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று கடைசியில் ஏமாற்றிச் சேர்க்காதீர்கள், அந்த ஒன்றுக்காக அடுத்த வாரம் முழுக்கச் சத்தியாகிரகம் நடக்கும். பரிசாக பிஸ்கட் வேண்டாம், சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன், ஆனால் நிறைய சிறப்புப் பள்ளிகளில்கூட அதைத்தான் கொடுக்கிறார்கள்.

நடையை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒரு மணி நேரத்தைப் பத்துப் பத்து நிமிடமாக உடைத்து மூன்றாக்குங்கள், வெயிலுக்கு முன் ஒன்று, சாயங்காலம் ஒன்று, ராத்திரி சாப்பிட்டபின் மொட்டை மாடியில் ஒன்று. போகுமிடம் ஒன்று இருக்க வேண்டும், சும்மா நடந்துவிட்டுத் திரும்புவது யாருக்குத்தான் பிடிக்கும். பால் பாக்கெட் வாங்கப் போகலாம், பிள்ளையார் கோயிலுக்குப் போகலாம், பாட்டியின் மாத்திரை வாங்கப் போகலாம். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உழைப்பும் குறைந்தது இரண்டு நாள் வலுப்பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னதில் மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது, ஆனால் அதை ஆறு மாதத்துக்கு அப்புறம் எட்டும் இடமாக வைத்துக்கொள்ளுங்கள். நடப்பது பிடிக்கவே இல்லையென்றால் பாட்டுப் போட்டு ஆடவிடுங்கள், டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளில் பாட்டைக் கேட்டும் சும்மா இருக்கும் ஆளை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். நல்ல குத்துப்பாட்டு மூன்று, பன்னிரண்டு நிமிடம், நடையைவிட நன்றாக வியர்க்கும்.

யார் கூட நடக்கிறார்கள் என்பது பயிற்சி என்ன என்பதைவிடப் பெரிய கேள்வி என்று எனக்கு நாளாக நாளாகத் தோன்றுகிறது. மெல்போர்னில் லா ட்ரோப் பல்கலைக்கழகத்தில் நோரா ஷீல்ட்ஸ் குழு செய்த வேலை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ள 68 இளைஞர்களில் ஒரு பாதியினரைச் சாதாரண ஊர் ஜிம்முக்கே அனுப்பினார்கள், வாரம் இரண்டு நாள், பத்து வாரம், ஒவ்வொருவருக்கும் ஜோடியாக ஒரு பிசியோதெரபி மாணவர். 2013-ல் முடிவு வந்தது: கை, கால் வலு கூடியது, அன்றாட நடமாட்டமும் கூடியது. வேலைத்திறனும் சேர்ந்து கூடும் என்று எதிர்பார்த்தார்கள், அது அவ்வளவாகக் காணவில்லை, அதையும் மறைக்காமல் எழுதினார்கள். எனக்குப் படுவது என்னவென்றால் அந்தப் பையன்கள் ஜிம்முக்குப் போனது இயந்திரத்துக்காக மட்டும் இல்லை, தன் வயதுள்ள ஒரு ஆள் "வாடா போலாம்" என்று கூப்பிட்டதற்காக. இது என் ஊகம்தான். ஆனால் தமிழ்நாட்டில் பிசியோதெரபி கல்லூரிக்குப் பஞ்சமில்லை, உங்கள் ஊர்ப் பக்கத்தில் உள்ள கல்லூரிக்குப் போய், துறைத்தலைவரைப் பார்த்து, மூன்றாம் வருடம் படிக்கும் பையன் ஒருவன் வாரம் இரண்டு நாள் வருவானா என்று கேளுங்கள். அவனுக்கும் அது படிப்புதான். ஜிம் விஷயத்தில், 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பாகுபாடு கூடாது என்கிறது, சண்டை போடுவதற்கு இடம் இருக்கிறது. ஆனால் என் அனுபவத்தில், கூட்டமில்லாத பகல் பதினோரு மணிக்கு, கூட ஒரு ஆளோடு, எக்கோ ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய், "இவன் செய்யப்போறது இந்த நாலுதான், நாங்களே பார்த்துக்கிறோம்" என்று சொன்னால் பாதிக் கதவு திறந்துவிடுகிறது. மற்ற பாதிக்கு வேறு ஜிம் பாருங்கள். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத் அமைப்பின் பயிற்சி உங்கள் மாவட்டத்தில் நடக்கிறதா என்றும் விசாரியுங்கள், எட்டு வயதிலிருந்து போட்டியில் கலந்துகொள்ளலாம், மேல் வயது வரம்பு கிடையாது, பந்து உருட்டும் போச்சே ஆட்டம் பருமனான பிள்ளைகளுக்கு நல்ல தொடக்கம்.

அமெரிக்காவில் டவுன் சிண்ட்ரோம் உள்ள கிறிஸ் நிகிக் என்ற பையன் அயர்ன்மேன் என்ற நெடுந்தூரப் போட்டியை முடித்த வீடியோவை உங்களுக்கும் யாராவது அனுப்பியிருப்பார்கள். 2020 நவம்பரில், ஃபுளோரிடாவில், 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதற்குமேல் ஒரு முழு மாரத்தான், மொத்தம் 16 மணி 46 நிமிடத்தில். ஐந்து மாதக் குழந்தையில் இதய ஆபரேஷன் ஆனவர், நாலு வயதில்தான் நடந்தார். டவுன் சிண்ட்ரோமோடு அதை முடித்த முதல் ஆள். பார்க்க எனக்கும் கண் கலங்கியது. ஆனால் அந்த வீடியோவை அப்பாவுக்குக் காட்டாதீர்கள், நாளைக்கே தம்பிக்கு சைக்கிள் வாங்கிவிடுவார். அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் தினம் ஒரு சதவீதம் முன்னேறினால் போதும் என்று வைத்துக்கொண்ட கணக்கைத்தான், தூரத்தை இல்லை.

சாப்பாடு பற்றி இரண்டே வரி, அதற்குமேல் டயட்டீஷியனிடம் கேளுங்கள். இவனுக்கு மட்டும் தனியாகச் சப்பாத்தி, மற்றவர்களுக்குப் பூரி என்றால் எந்த நாளும் நடக்காது, வீடே மாற வேண்டும். தட்டில் போட்டதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், இந்தப் பிள்ளைகள் சாப்பிடுவதில் பெரும்பகுதி தட்டுக்கு வெளியே, பாட்டி முந்தானையிலிருந்து, பக்கத்து வீட்டிலிருந்து, "பாவம் புள்ள" என்று கடைக்காரர் கையில் திணிக்கும் மிட்டாயிலிருந்து வருகிறது.

எடையைப் பார்க்காமல் முன்னேற்றம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். மாதம் ஒருமுறை, அதே நாற்காலியில், அரை நிமிடத்தில் எத்தனை முறை எழுகிறான் என்று காலண்டரில் குறித்துவையுங்கள். மொட்டை மாடியில் ஆறு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதையும். அரைஞாண் கயிறு கட்டியிருந்தால் அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது, முடிச்சை மாற்றாமல் விட்டுவையுங்கள், இப்போது விரல் நுழையாத இடத்தில் மூன்று மாதத்தில் ஒரு விரல் நுழைகிறதா பாருங்கள். கிலோ குறையாமலே இடுப்பு குறைவது உண்டு, கொழுப்பு போய்த் தசை வந்தால் முள் அசையாது, கயிறு அசையும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. முன்பு கலகலவென்று இருந்தவன் சில வாரங்களாகப் பேச்சைக் குறைத்து, ஆட்டம் பாட்டம் விட்டு, எதையும் செய்ய மறுக்கிறான் என்றால் அது நடைப்பிரச்சினை இல்லை. இந்த வயதில் மனச்சோர்வு வரலாம், கற்றது மறந்து பின்னோக்கிப் போகும் நிலையும் சிலருக்கு வருகிறது. அப்போது பயிற்சியை ஓரமாக வைத்துவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

இன்னும் சரியாகச் சொல்ல எனக்கு மூன்று தகவல் வேண்டும்: கடைசியாக எக்கோவும் தைராய்டும் எப்போது பார்த்தீர்கள், ராத்திரி குறட்டை உண்டா, தரையில் உட்கார்ந்தால் எப்படி எழுகிறான். மூன்றாவதை முடிந்தால் அவனுக்குத் தெரியாமல் கவனித்து எழுதுங்கள், எந்தக் கையை எங்கே ஊன்றுகிறான், எந்தக் காலை முதலில் வைக்கிறான் என்பது வரை. ஜமுக்காளத்தை எத்தனை மடிப்பு போடுவது என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.